பங்காரப்பேட்டை தாண்டினால் கதை

அந்தக் கோடை விடுமுறையில் என்னை வீட்டில் வைத்திருக்க முடியாது என்று பெரியவர்கள் எல்லோருமாகச் சேர்ந்து முடிவு செய்தார்கள். எனக்குப் பத்து வயது. அம்மாவின் வயிற்றில் தம்பி இருந்தான். ஆறாவது மாதம். கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கோலார் தங்கவயலில் சுரங்கம் ஓடிய காலத்தில் தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று எங்களுடையது. ஒரே அறை, பின்னால் ஒரு அடுப்படி. அந்த ஒரே அறையில் ஒருத்தி அசையாமல் படுத்திருக்க வேண்டும். இன்னொருத்தியால் அசையாமல் இருக்கவே முடியாது. இரண்டு பேரில் ஒருத்தியை வெளியே அனுப்பத்தான் வேண்டும் என்றால் அது யார் என்பதில் சந்தேகமே இல்லை.

என் கால் ஆடிக்கொண்டே இருக்கும். சாப்பிடும்போது ஆடும், ஜெபம் சொல்லும்போது ஆடும், தூக்கத்தில்கூட ஆடுகிறது என்று அம்மா சொல்வாள். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு சுற்றுவேன். அலமாரி மேல் ஏறுவேன். கதவைத் திறந்து மூடி, மெதுவாக மூடினால் என்ன சத்தம், வேகமாக மூடினால் என்ன சத்தம் என்று பார்ப்பேன். விடுமுறையின் நான்காம் நாள் அம்மா அழுதுவிட்டாள். பக்கத்து வீட்டுப் பெரியம்மா, அம்மாவை வேண்டுமானால் பார்த்துக்கொள்கிறேன், இவளைப் பார்த்துக்கொள்ள என்னால் ஆகாது என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டாள். அப்பா பெங்களூருக்குத் தெற்கே பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் வேலை செய்தார். அங்கேயே நான்கு பேரோடு அறை எடுத்துத் தங்கி, சனிக்கிழமை வந்து திங்கள்கிழமை விடியலில் போவார். மிச்சமிருந்தது அத்தை, அப்பாவின் தங்கை.

"எங்கூட வரட்டும்" என்றாள் அத்தை. வீட்டில் ஒரு நாளைக்கு அவள் பேசுகிற நாலைந்து வாக்கியங்களில் அது ஒன்று.

அத்தை எங்களோடு இருந்தாள். மூன்று வருடங்களுக்கு முன் பெங்களூரில் வேலை தேடப் போன மாமா திரும்பி வரவில்லை. முதலில் போன் வந்தது. பிறகு போன் பண்ணினால் எடுக்கவில்லை. பிறகு அந்த நம்பரை வேறு யாரோ எடுத்து, இந்தியில் கோபித்துக்கொண்டார்கள். அத்தை தன் வீட்டைக் காலி செய்துவிட்டு எங்கள் அடுப்படியில் பாய் போட்டுக்கொண்டாள். பிள்ளைகள் இல்லை. மாமாவைப் பற்றி வீட்டில் யாரும் பேசமாட்டார்கள். பேசாமல் இருப்பதை எல்லோரும் அவ்வளவு கவனமாகச் செய்தார்கள். அதனாலேயே மாமா எந்நேரமும் அறைக்குள்ளேயே உட்கார்ந்திருப்பது போல இருக்கும்.

அத்தைக்குப் பெங்களூர் ஈஜிபுராவில், வேலைக்குப் போகும் பெண்கள் தங்குகிற ஒரு ஹாஸ்டலில் சமையல் வேலை. விடியுமுன் ரயில் ஏறி, கன்டோன்மென்ட்டில் இறங்கி, அங்கிருந்து பஸ். சாயங்காலம் அதே வழியில் திரும்ப வேண்டும். போக வர ஐந்து மணி நேரம் ரயிலிலேயே போய்விடும். முதல் நாள் விடியற்காலையில் என்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடும்போதுகூட அத்தை ஒன்றும் பேசவில்லை. ஐந்து மணி நேரம் இந்த வாயில்லாத மனுஷியோடு எப்படி உட்காரப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டே ஓடினேன்.

பெண்கள் பெட்டியில் எதிரெதிரான இரண்டு பெஞ்சுகளில் அத்தைக்கென்று ஒரு கூட்டம் இருந்தது. கார்மென்ட்ஸுக்குப் போகிற மூன்று பெண்கள். அவர்களுக்கு நடுவே, பாதி பெஞ்சை நிறைத்துக்கொண்டு, ஒரு ஆஸ்பத்திரியில் வார்டு ஆயாவாக வேலை செய்கிற ஒரு அக்கா. எல்லோரும் அவளை ஆஸ்பத்திரி அக்கா என்றே கூப்பிட்டார்கள். அத்தையைவிடப் பத்து வயதாவது மூத்தவள்; குரல் பெட்டியின் கடைசி வரை கேட்கும். அவள் என்னைப் பார்த்ததும் தன் பையிலிருந்து ஒரு பன்னை எடுத்துப் பாதி பிய்த்துக் கொடுத்துவிட்டு, "கத கேக்க வந்தியா?" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பங்காரப்பேட்டையில் ஏறவேண்டிய கூட்டமெல்லாம் ஏறி, முட்டி மோதி, அவரவர் இடத்தில் ஒட்டிக்கொண்டு ரயில் கிளம்பியதும், அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நேத்து எங்க வுட்டோம்?" என்றாள்.

அது என் அத்தையின் குரல்தானா என்று அண்ணாந்து பார்த்தேன். வீட்டில் கேட்கும் குரல் தொண்டைக்குள்ளேயே தேய்ந்து போய்விடும். இந்தக் குரல் ரயில் சத்தத்துக்கு மேலே ஏறி நின்றது.

கதை பத்து மாதமாக ஓடிக்கொண்டிருந்தது. நான் சேர்ந்தபோது அது எங்கோ நடுவில் இருந்தது. ஆஸ்பத்திரி அக்காதான் எனக்கு முன்கதையைச் சொன்னாள். ஒரு ஊரில் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். பூமிக்குக் கீழே வேலை செய்துகொண்டிருந்த ஆண்களெல்லாம் மேலே வந்துவிட்டார்கள். அதில் ஒருவனுக்கு வெயிலில் நின்று என்ன செய்வதென்றே தெரியவில்லை. அவன் பட்டணத்துக்கு வேலை தேடிப் போனான். பட்டணத்தின் வாசலில் ஒருவன் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறான். வேலைக்கு வருகிறவர்கள் தங்கள் முகத்தைக் கழற்றி அவனிடம் கொடுத்துவிட்டு, வேறு முகம் வாங்கிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். குரலும் அப்படித்தான். இப்போது அவனுடைய பெண்டாட்டி அவனைத் தேடிக்கொண்டு பட்டணத்துக்கு வந்திருக்கிறாள். முகமும் குரலும் மாறிவிட்ட ஒருவனை எப்படிக் கண்டுபிடிப்பாள்?

"நடையப் பாத்து" என்றாள் ஒரு கார்மென்ட்ஸ் பெண், எனக்குச் சொல்லிக்கொடுப்பது போல. "கீழ வேல செஞ்சவங்க தலைய குனிஞ்சிகினுதான் நடப்பாங்க. மேல கூரை இடிக்கும்னு."

அது உண்மை. எங்கள் ஊரில் வயதான ஆண்கள் திறந்த மைதானத்தில்கூடத் தலையைத் தாழ்த்திக்கொண்டுதான் நடப்பார்கள். தாத்தா அப்படித்தான் நடந்தார். மாமாவும் அப்படித்தான்.

ஆகவே அவள் தினமும் பட்டணத்தில் தலை குனிந்து நடக்கிற ஓர் ஆணைப் பின்தொடர்ந்து போனாள். ஒரு நாள் அது ஒரு பெரிய கட்டடத்தின் வாட்ச்மேன். இன்னொரு நாள் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவன். இன்னொரு நாள் நாள் முழுக்க லிப்டில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறவன். கிட்டே போய்ப் பார்த்தால் ஒவ்வொருவனும் வேறு யாருடைய புருஷனாகவோ இருந்தான். ஒவ்வொருவனிடமும் அவள் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போனாள். அந்த ஆண்களை அத்தை மட்டும் கொண்டுவரவில்லை. "எங்க கம்பெனில டீ கொண்டாற ஆளு ஒருத்தன் கீறான், அவனா இருக்குமா?" என்று கார்மென்ட்ஸ் பெண் கேட்பாள். அத்தை யோசிப்பாள். "எப்படி சிரிப்பான்?" என்று கேட்பாள். மறுநாள் அவன் கதையில் டீ கெட்டிலோடு நடந்து வருவான்.

மாலூரில் கீரைக் கூடையோடு ஒரு அம்மா ஏறுவாள். அவளுக்குத் தமிழ் அரைகுறை. ஏறி மூச்சு வாங்கியதும், கதை எங்கே வந்திருக்கிறது என்று கன்னடத்தில் கேட்பாள். ஆஸ்பத்திரி அக்கா அதுவரை நடந்ததையெல்லாம் மூன்று வார்த்தையில் சொல்லிவிடுவாள். "ஹுடுக்தாளே, இன்னூ சிக்கில்லா." தேடுகிறாள், இன்னும் கிடைக்கவில்லை. மாலூரம்மா உச்சுக்கொட்டி, கூடையைக் காலுக்கு நடுவில் நெருக்கி வைத்துக்கொள்வாள். பிறகு பாதி புரிந்தும் பாதி புரியாமலும் அத்தையின் வாயையே பார்த்துக்கொண்டு வருவாள். அதற்கப்புறம் அத்தையே நடுநடுவே கன்னடத்துக்குத் தாவிவிட்டுத் திரும்புவாள்.

எனக்கு முதல் வாரம் கதை பிடித்திருந்தது. இரண்டாம் வாரம் பொறுக்க முடியவில்லை. எப்போதுதான் கண்டுபிடிப்பாள்? கண்டுபிடித்தால்தானே அடுத்தது நடக்கும்? இவர்களோ ஒருவருக்கும் அவசரம் இல்லாதது போல, லிப்ட்காரனுக்கு எத்தனை பிள்ளைகள், அவன் ஏன் மதியம் சாப்பிடுவதில்லை என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஜன்னல் கம்பியை ஆட்டினேன். எதிர் பெஞ்சை உதைத்தேன். "அவ எப்ப கண்டுபுடிப்பா?" என்று தினமும் நான்கு தடவை கேட்டேன்.

"வரும்" என்பாள் அத்தை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தை சர்ச்சுக்குப் போயிருந்தாள். நான் கட்டிலுக்கு அடியில் படுத்து, மேலே அம்மாவின் எடைக்குக் கயிறு எப்படி வளைகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நான் அங்கே இருப்பது அப்பாவுக்குத் தெரியாது. அவர் கட்டிலில் உட்கார்ந்ததும் கயிறு இன்னும் கொஞ்சம் இறங்கியது.

"அவனப் பாத்தேன்" என்றார். குரல் தாழ்ந்திருந்தது. "எங்க கம்பெனிக்குப் பக்கத்துல, ஹெப்பகோடில. பஸ் ஸ்டாப்புல. தோள்ல ஒரு கொழந்த. ஒரு வயசு இருக்கும். கூட ஒரு பொம்பள."

அம்மா பக்கம் கயிறு அசைந்தது. "அவங்கிட்ட பேசினீங்களா?"

"என்னப் பாத்துட்டு திரும்பிகினான்."

"உங்க தங்கச்சிகிட்ட சொல்லிடாதீங்க" என்றாள் அம்மா. "தாங்க மாட்டா."

"நான் எதுக்குச் சொல்லப்போறேன்."

கட்டிலுக்கு அடியில் என் கால் ஆடுவது நின்றுவிட்டது. அப்புறம் முன்னைவிட வேகமாக ஆடத் தொடங்கியது. எனக்கு முடிவு தெரிந்துவிட்டது. பத்து மாதமாக ஒரு ரயில் பெட்டியே தேடிக்கொண்டிருந்தவன் இருக்கிற இடம் எனக்கு மட்டும் தெரியும். கதையில் வருகிற பெண் மாமாவைத்தான் தேடுகிறாள் என்பது எனக்கு எப்போதோ தெரியும். அது யாருக்கும் தெரியாத என் கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது இதுவும் சேர்ந்துகொண்டது. அத்தை சர்ச்சிலிருந்து வந்து அடுப்புப் பற்றவைத்தாள். நான் வாயை இறுக மூடிக்கொண்டு எங்கள் லைனைச் சுற்றி ஓடினேன். பதினாறு சுற்று.

திங்கள், செவ்வாய், புதன். மூன்று நாள் ரயிலில் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூத்திரத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது போலத்தான் இருந்தது. அத்தை சொல்லச் சொல்ல, அங்கே இல்லை, அங்கே இல்லை என்று எனக்குள் ஏதோ குதித்தது. கதையில் அந்தப் பெண் பட்டணத்தின் வடக்கே போனால், தெற்கே போ என்று கத்த வேண்டும் போல இருந்தது. ஈஜிபுராவில் ஹாஸ்டல் சமையலறையில் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து, அத்தையின் முதுகைப் பார்த்தே பகல் முழுவதும் கழித்தேன். முப்பது பேருக்குச் சமைக்கிற பெரிய பாத்திரத்துக்குள் அவள் குனிந்து கிண்டிக்கொண்டிருப்பாள். இவளுக்குச் சொல்லாமல் இருப்பது நல்லதா கெட்டதா என்று நான் யோசித்ததாக ஞாபகமில்லை. சொன்னால் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்பதுதான் ஞாபகமிருக்கிறது.

வியாழக்கிழமை, கதையில் அந்தப் பெண் ஒரு பஸ் ஸ்டாப்பில் வந்து நின்றாள். தேவனகொந்தி தாண்டி சிக்னல் இல்லாமல் ரயில் நின்றிருந்தது. மின்விசிறி ஓடவில்லை. புழுக்கம். தலை குனிந்த ஒருவன் எதிர்ப்பக்கம் வருகிறான் என்றாள் அத்தை.

"இவன்தான்" என்றாள் ஆஸ்பத்திரி அக்கா.

அத்தை கண்ணை மூடித் திறந்தாள். "இல்ல. இவன் வேற."

"எல்லாம் பொய்" என்றேன் நான். எழுந்து நின்றுவிட்டேன். "மாமா ஹெப்பகோடில கீறாரு. அப்பா பாத்தாரு. அவருக்கு ஒரு பாப்பா பொறந்துக்குது. தோள்ல தூக்கிகினு இருந்தாரு. மொகமெல்லாம் ஒண்ணும் மாறல."

நான் எதிர்பார்த்தபடி எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள். மாலூரம்மா மட்டும் என்னைப் பார்த்து, "ஏனந்தளு?" என்றாள். என்ன சொல்கிறாள் இவள் என்று கேட்டாள். யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி அக்கா என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். வலிக்கும்படிதான் பிடித்தாள்.

அத்தை ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "ஒயிட்ஃபீல்ட் வந்துடுச்சா?" என்றாள். ரயில் இன்னும் நகரவே இல்லை.

அன்று முழுவதும் நான் அடிக்காகக் காத்திருந்தேன். அத்தை சாம்பார் வைத்தாள், பொரியல் செய்தாள், தேங்காய் துருவினாள். ஒன்றும் கருகவில்லை, உப்பு கூடவில்லை. எனக்குத் தட்டில் சோறு போட்டு, நான் கேட்காமலே அப்பளம் வைத்தாள். அந்த அப்பளத்தைத் தின்னாமல் தூள்தூளாக நொறுக்கினேன். சாயங்காலம் திரும்பும் ரயிலில் கூட்டத்தின் நடுவே எனக்கு ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் நின்றுகொண்டு வந்தாள். டேக்கல் தாண்டிய பிறகுதான் குனிந்து என் காதருகில் கேட்டாள்.

"உங்கம்மாக்குத் தெரியுமா?"

"தெரியும். அம்மாதான் உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னாங்க."

"சரி" என்றாள் அத்தை. "நீ எங்கிட்ட சொன்னத அவங்ககிட்ட சொல்லாத. பாவம், கஷ்டப்படுவாங்க."

வெள்ளிக்கிழமை அத்தை எங்கள் பெட்டியில் ஏறவில்லை. கடைசியில் இருந்த பொதுப் பெட்டிக்கு என்னை இழுத்துப்போனாள். உட்கார இடமில்லை. ஆண்கள் ஒரு பையை முழங்கால்கள் மேல் விரித்து சீட்டு ஆடினார்கள். மூன்று போன்களில் மூன்று பாட்டு ஓடியது. பங்காரப்பேட்டை தாண்டியது. அத்தை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், வாய் திறக்கவில்லை. வீட்டு அத்தை ரயிலுக்குள் வந்துவிட்டாள். நான் யாருடைய செருப்பையோ மிதித்தேன், யாரோ என்னை நகர்த்தினார்கள், அங்கேயும் நிற்க முடியவில்லை. அந்தப் பெண் பஸ் ஸ்டாப்பில் என்ன ஆனாள் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்க எனக்கு என்ன இருக்கிறது? முடிவைத்தான் நானே சொல்லிவிட்டேனே. ஆனாலும் தெரிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. அதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

சனிக்கிழமையும் அதே பெட்டி. மாலூரில் ரயில் நின்றதும் பிளாட்பாரத்தில் ஆஸ்பத்திரி அக்கா ஒவ்வொரு ஜன்னலாக எட்டிப் பார்த்துக்கொண்டு வேகவேகமாக வருவது தெரிந்தது. அவ்வளவு பெரிய உடம்போடு அவள் ஓடி நான் பார்த்ததில்லை. பின்னாலேயே தலையில் கூடையோடு மாலூரம்மா. எங்கள் ஜன்னலைக் கண்டதும் அக்கா நின்று, "எறங்கு" என்றாள்.

அத்தை அசையவில்லை.

விசில் அடித்துவிட்டார்கள். அக்கா கதவுக் கம்பியைப் பிடித்து ஏறி, மாலூரம்மாவின் கூடையை வாங்கி உள்ளே தள்ளி, அவளையும் இழுத்து ஏற்றினாள். ஆண்களை இரண்டு பக்கமும் விலக்கிக்கொண்டு வந்து அத்தைக்கு எதிரே நின்றாள். மூச்சிரைத்தது.

"ரெண்டு நாளா அவ பஸ் ஸ்டாப்புலயே நின்னுகினு கீறா" என்றாள். "அவளுக்கு காலு வலிக்காதா?"

அத்தை அவளைப் பார்த்தாள். உதடு ஒரு பக்கமாக இழுத்தது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்து, இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"எங்க வுட்டோம்?" என்றாள்.

"ஒருத்தன் வந்தான். அவன் இல்லன்ன."

"ஆமா. அவன் இல்ல." அத்தை கம்பியை விட்டுவிட்டு என் தலைமேல் கையை ஊன்றிக்கொண்டாள். "அவனுக்குப் பின்னால இன்னொருத்தன் வந்தான். அவன அவ பாக்கவே இல்ல. ஏன்னா அவன் தலைய குனிஞ்சிகினு வர்ல. நிமுந்து வந்தான். தோள்ல ஒரு கொழந்த ஒக்காந்துகினு, அவன் முடியப் புடிச்சிகினு இருந்துச்சு. கொழந்த தோள்ல இருந்தா தலைய குனிய முடியாதில்ல?"

சீட்டாட்டக்காரர்களில் ஒருவர் சீட்டைப் போடாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"கிட்ட வந்தப்பதான் மொகத்தப் பாத்தா. மொகம் மாறவே இல்ல. அப்படியே அவன் மொகம். இத்தன நாளா மாறின மொகத்தையே தேடிகினு இருந்ததால, மாறாத மொகம் எதுக்க வந்தப்ப அவளுக்கு சட்டுனு தெரியல. நடைதான் மாறிப்போயிருந்துச்சு."

மொகம் மாறவில்லை என்பது நான் சொன்னது. என் வார்த்தையை எடுத்துக்கொண்டுவிட்டாள் என்று எனக்கு ஒரு கணம் பெருமையாக இருந்தது. அடுத்த கணமே, அது எப்படி இவ்வளவு சரியாகப் பொருந்தியது என்று குழப்பமாகிவிட்டது.

"அவ ரோட்டுக்கு இந்தப் பக்கம். அவன் அந்தப் பக்கம். நடுவுல பஸ்ஸு, லாரி, எல்லாம் போய்கினு இருக்குது. அவ நின்னு நல்லா பாத்தா. அந்தக் கொழந்தையையும் நல்லா பாத்தா. பாத்துட்டு திரும்பிட்டா."

ஒரு போனில் பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதை யாரோ நிறுத்தினார்கள். மாலூரம்மாவுக்கு எவ்வளவு புரிந்ததோ, அவள் அத்தையின் கையைத் தொட்டு, "ஆமேலே?" என்றாள். அப்புறம்?

அத்தை அவளுக்குக் கன்னடத்திலேயே சொன்னாள். "ஆமேலே அவளு கெலசக்கே ஹோதளு."

அப்புறம் அவள் வேலைக்குப் போனாள்.

மாலூரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆஸ்பத்திரி அக்காவும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். பிறகு, சீட்டாடுகிற ஒருவரை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் அத்தையை உட்காரவைத்து, தானும் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்தாள். "செரி, நான் ஒண்ணு சொல்றேன்" என்றாள். "ஒரு ஆஸ்பத்திரில ஒரு ஆயா இருந்தா. அவளுக்கு ஒரே புள்ள. அவன் அவகிட்ட பேசறதே இல்ல." அதைச் சொல்லும்போது அவள் குரல் பெட்டியின் கடைசி வரை போகவில்லை. பக்கத்தில் இருந்த எங்களுக்கே குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது.

அத்தைக்கு மாமா இருந்த இடம் முன்பே தெரியும் என்பது எனக்குத் தெரியவந்தபோது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரி அக்காதான் சொன்னாள். அப்பா பார்ப்பதற்குப் பத்து மாதம் முன்பு, யாரோ சொன்னதைக் கேட்டு, வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு அத்தை ஹெப்பகோடிக்குப் போயிருக்கிறாள். கைக்குழந்தையோடு மாமாவைப் பார்த்திருக்கிறாள். ரோட்டைத் தாண்டாமல் திரும்பி வந்திருக்கிறாள். மறுநாள் பங்காரப்பேட்டை தாண்டியதும் கதையைத் தொடங்கிவிட்டாள். அந்தப் பெட்டியில் மாலூரம்மாவைத் தவிர எல்லோருக்கும் அது யாருடைய கதை என்பதும், எங்கே போய் முடியும் என்பதும் ஆரம்பத்திலிருந்தே தெரியும். அப்பாவும் அம்மாவும் அத்தை தாங்கமாட்டாள் என்று அவளிடமிருந்து மறைத்ததை, அவர்கள் தாங்கமாட்டார்கள் என்று அத்தை அவர்களிடமிருந்து மறைத்துக்கொண்டிருந்தாள். ஒரே அறையில், ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு.

அதற்குப் பிறகு ஒருமுறை அத்தையிடம் கேட்டேன். தெரிந்துகொண்டே ஏன் அந்தப் பெண்ணைப் பத்து மாதம் ஊரெல்லாம் தேடவைத்தாய்?

"அவள ஒடனே அங்க கூட்டிகினு போக எனக்கு மனசு வர்ல" என்றாள் அத்தை.

ஆனால் அந்தச் சனிக்கிழமை எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. கன்டோன்மென்ட்டில் இறங்கி பஸ்ஸுக்கு நடக்கும்போது எனக்கு ஒரே கோபம். இத்தனை பாடுபட்டுத் தேடியவள், கண்ணெதிரே கண்டுபிடித்த பிறகு, ஒரு ரோட்டைத் தாண்டவில்லை. சட்டையைப் பிடித்து உலுக்கவில்லை. ஒரு வார்த்தை கேட்கவில்லை. இது ஒரு முடிவா? அத்தையோ எதுவும் நடக்காதது போல, வழக்கத்தைவிட வேகமாக, என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நான் ஓடி ஓடி அவளை எட்டிப்பிடிக்க வேண்டியிருந்தது.

"அத்த, அவ கூப்புட்டிருந்தா அவர் திரும்பிப் பாத்திருப்பார் இல்ல?" என்று கேட்டேன்.

எங்கள் பஸ் வளைந்து வந்துகொண்டிருந்தது. அத்தை கையை நீட்டி அதை நிறுத்தினாள்.

"பாத்திருப்பான்" என்றாள். "அதான் கூப்பிடல."

என்னைத் தூக்கிப் படியில் வைத்து, பின்னாலேயே ஏறினாள். பஸ் சத்தத்தில் அவள் சொன்னதை நான்தான் தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.